பூட்டிய வார்டு வேலை இல்லை அது

அன்புள்ள அம்மா,

எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) முடிக்கப்போகும் மகள் சைக்கோசிஸ் (எது நிஜம், எது மனம் புனைவது என்று பிரித்தறிய முடியாமல் போகும் மனநோய்) வந்த பிள்ளைகளோடுதான் வேலை செய்வேன் என்கிறாள், 'பைத்தியக்கார ஆஸ்பத்திரியிலா என் பெண்?' என்று கேட்டிருந்தீர்கள். பயம் புரிகிறது. ஆனால் அவள் கேட்பது பூட்டிய வார்டுக்கு வெகு முன்னால் நடக்கும் வேலை.

இந்த நோய் பெரும்பாலும் பதின்வயதின் கடைசியிலோ இருபதுகளிலோ தலைகாட்டும். காலேஜ் போய்க்கொண்டிருந்த பையன் அறைக்கதவைச் சாத்திக்கொள்வான். பக்கத்து வீட்டில் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்பான். வீட்டில் முதலில் கண்ணேறு கழிப்பார்கள். அப்புறம் குணசீலம் கோயில், ஏர்வாடி தர்கா என்று அலைவார்கள். சிகிச்சை இல்லாமல் ஓடும் இந்தக் காலம் நீள நீள, மீள்வது கடினமாகிறது. அதைச் சுருக்கத்தான் 1992-இல் மெல்போர்னில் இளைஞர்களுக்கென்றே தனி மையம் தொடங்கினார்கள். இங்கிலாந்தில் 2016 முதல், சந்தேகம் வந்து மனநலச் சேவைக்கு அனுப்பப்பட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்காவது 2 வாரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்று இலக்கே வைத்திருக்கிறார்கள்.

பயிற்சியில் என்ன கற்பாள்? 'யாரும் இல்லாதபோது குரல் கேட்கிறதா?' என்று தயங்காமல் கேட்பது. அவன் நம்புவதை மறுத்து வாதாடாமலும், ஆமாம் போடாமலும் அவனோடு உட்கார்ந்திருப்பது. இதுதான் ரொம்பக் கஷ்டம், நடித்துப் பார்த்துத்தான் படியும். தற்கொலை எண்ணம் உண்டா என்று விசாரிப்பது. மாத்திரையால் உடம்பு பருத்தால் அவன் நிறுத்திவிடுவதற்குள் டாக்டரிடம் சொல்வது. மறுபடி பரீட்சை எழுத வைப்பது. முக்கியமாக, அம்மா அப்பாவிடம் பேசுவது. வருகிற பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் அடிக்க வருகிறவர்கள் இல்லை, அரண்டுபோனவர்கள்.

சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984-இல் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆய்வு நிறுவனம், கனடாவின் மாண்ட்ரியல் மையம் ஒன்றோடு சேர்ந்து, முதல்முறை நோய் கண்டவர்களை 2 ஆண்டு கவனித்தது. சிகிச்சையில் குடும்பம் கூடவே நின்றது சென்னையில்தான் அதிகம். ஒடுங்கிப்போவது, ஆர்வம் வற்றிப்போவது போன்ற குறைகளும் இங்கேதான் நன்றாகத் தேறின. குடும்பத்தோடு பேசத் தெரிந்தவளுக்கு இங்கே மதிப்பு உண்டு என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

சரி, படிப்புக்கு வருவோம். எம்.எஸ்.டபிள்யூ. மட்டும் போதாது. 2017 மனநலச் சட்டப்படி மனநல சமூகப் பணியாளர் என்றால், அதற்குமேல் 2 ஆண்டு முழுநேர எம்.பில். வேண்டும். பெங்களூரு நிமான்ஸ் மனநல மருத்துவ நிறுவனம் இதற்குப் பேர்பெற்றது. எம்.பில். பட்டத்தையே யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) கைவிட்டுவருவதால், அடுத்த சேர்க்கை எந்தப் பெயரில் என்று நிறுவனத்திலேயே கேளுங்கள். சனி-ஞாயிறு வகுப்பு நடத்திச் சான்றிதழ் தருகிறவர்களிடம் பணம் கட்டிவிடாதீர்கள். 'மூத்தவர் கண்பார்வையில் எத்தனை நோயாளிகளை இவள் நேரில் பார்ப்பாள்?' என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஆரம்பச் சம்பளம் ஐ.டி. மாதிரி இருக்காது, அதை மறைக்க விரும்பவில்லை.

கடைசி செமஸ்டர் களப்பணியை ஒரு மனநல மையத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். முதல் வாரம் முடிந்ததும் அவள் எப்படி வீட்டுக்கு வருகிறாள் என்று பாருங்கள், பிறகு பேசுவோம்.