வியாழக்கிழமை டப்பா

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு 38 வயது. வேலைக்குப் போகிறேன். இரண்டு பிள்ளைகள். ஞாயிறு மதியம் மூன்று மணி நேரம் அடுப்படியில் நின்று, வாரத்துக்கான தொடுகறிகளைச் செய்து, டப்பாவில் அடைத்து, மூடியில் கிழமை எழுதி ஃப்ரிட்ஜில் அடுக்கிவிடுவேன். வேலை முடிந்து வரும்போது, 'பீன்ஸ் இருக்கிறது, சோறு மட்டும் வைத்தால் போதும்' என்ற நினைப்பிலேயே பாதி அலுப்பு போய்விடும்.

போன செவ்வாய் இரவு பதினோரு மணிக்குப் பசி எடுத்து, 'வியாழன்' என்று எழுதியிருந்த டப்பாவைக் கணவர் காலி செய்துவிட்டார். காலையில் கழுவிக் கவிழ்த்திருந்த டப்பாவைப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. கத்தியும் விட்டேன். "ஒரு கிண்ணம் பீன்ஸுக்கா இவ்வளவு?" என்கிறார். எனக்கும் அதே கேள்விதான். என்னிடம் ஏதாவது கோளாறா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

கோளாறெல்லாம் இல்லை. கத்தியதற்கு மட்டும் ஒரு 'சாரி' சொல்லிவிடுங்கள், அழுததற்கு வேண்டாம்.

முடித்த வேலையைவிடப் பாதியில் நின்ற வேலைதான் நினைவில் தங்குகிறது என்று ப்ளூமா ஸைகார்னிக் என்ற உளவியலாளர் 1927இலேயே எழுதினார். 'ராத்திரிக்கு என்ன?' என்பது தினமும் பாதியில் நிற்கிற வேலை. அதை ஞாயிறன்றே முடித்து மூடி போட்டுவிடுகிறீர்கள், நிம்மதியாக இருக்கிறது. செவ்வாய் இரவு அவர் மூடியைத் திறந்ததும் அந்தக் கேள்வி மறுபடி வந்து உட்கார்ந்துகொண்டது. பாவம், அவர் கண்ணுக்குப் பட்டது பீன்ஸ் மட்டும்தான்.

ஒன்று கேட்கிறேன். எந்த டப்பா எதற்கு என்று வீட்டில் வேறு யாருக்காவது தெரியுமா? கிழமை எழுதுகிறீர்கள், சரி. பசித்து வந்தவர் கிழமையா பார்ப்பார்? சமையலுக்கு மூன்று மணி நேரம், காவலுக்கு வாரம் முழுக்க. உங்களை அதிகம் களைப்பாக்குவது இந்தக் காவல்தான் என்று எனக்குப் படுகிறது.

இந்த ஞாயிறு காய் நறுக்க அவரையும் உட்கார வையுங்கள். ஒரு கிண்ணம் நிறைய எவ்வளவு பீன்ஸ் நறுக்க வேண்டும் என்று அவர் கைக்கும் தெரியட்டும். மூடியில் பிள்ளைகள் எழுதட்டும். ஒரு டப்பாவில் மட்டும் 'யார் பசித்தாலும்' என்று எழுதி முன்வரிசையில் வையுங்கள். ராத்திரிப் பசி ஒன்றும் குற்றமில்லையே!

அப்புறம், ஆலோசகருக்கு அடுப்படியில் என்ன வேலை என்று நினைக்காதீர்கள். சமைத்த பண்டம் ஃப்ரிட்ஜில் 3, 4 நாள்தான் தாங்கும். ஞாயிறு செய்தது வியாழனுக்கு வரும்போது விளிம்பில் நிற்கும். எனவே புதன் வரைக்கும் மட்டும் செய்யுங்கள். வியாழனும் வெள்ளியும் யார் பொறுப்பு என்று ஞாயிறன்று, காய் நறுக்கும்போதே அவரிடம் கேளுங்கள். அவர் யோசிக்கட்டும். அவசரப்பட்டு நீங்களே பதிலையும் சொல்லிவிடாதீர்கள்.