பிசிக்ஸ் படிச்சா மூளை ஆராய்ச்சிக்கு வரலாமா?

கேள்வி: நான் பிசிக்ஸ் முடிச்சவ சார். டிஃப்யூஷன் எம்ஆர்ஐ-ல (தண்ணி நகர்றதை அளக்கற ஸ்கேன்) மூளை நரம்புப் பாதைகளை ஆராயணும்னு ஆசை. பயாலஜி தெரியாது, சரிப்பட்டு வருமா?

பதில்: தாராளமா வாங்கம்மா, இந்தத் துறையோட அஸ்திவாரமே உங்க பிசிக்ஸ்தான். 1965-ல ஸ்டெஜ்ஸ்கலும் டேனரும் தண்ணி மூலக்கூறு எவ்ளோ நகருதுன்னு காந்தப்புலத்தை வச்சு அளக்க வழி சொன்னாங்க, 1980கள்ல டெனி லெ பிஹான் அதை மூளை ஸ்கேனுக்குக் கொண்டுவந்தார், அப்புறம் 1994-ல பீட்டர் பாசர் குழு டென்சர் கணக்கைப் போட்டாங்க, அதாவது எந்தத் திசையில எவ்ளோ நகருதுன்னு சொல்ற கணக்கு. விஷயம் என்னன்னா தண்ணி நரம்பு இழையோட நீளவாக்குல சுலபமா நகரும், குறுக்க போனா முட்டும், அத வச்சு பாதை எந்தப் பக்கம் போகுதுன்னு ஊகிக்கறோம். ஊகம்தான், ஞாபகம் வச்சுக்கங்க! கலர் கலரா நூல்கண்டு மாதிரி வர்ற படத்தைப் பார்த்து மயங்கிடாதீங்க, ஒரு வாக்ஸல் (படத்தோட ஒரு குட்டிப் பெட்டி) பக்கத்துக்குச் சுமார் 2 மில்லிமீட்டர், அதுக்குள்ள லட்சக்கணக்கான இழைங்க, ரெண்டு கட்டு குறுக்கும் நெடுக்குமா போச்சுன்னா டென்சர் குழம்பிப்போய் எந்தக் கட்டுக்கும் பொருந்தாத திசையைக் காட்டும். இல்லாத பாதையை வரையறதும் உண்டு.

தினசரி வேலை அவ்ளோ கிளாமர் இல்ல. ஸ்கேனருக்குள்ள படுத்திருக்கறவர் லேசா தலையை அசைச்சாலே சில ஸ்லைஸ் (படத்தோட அடுக்கு) கருப்பா விழும், அதைக் கண்டுபிடிச்சு சரிபண்ண கோட் எழுதியே மாசக்கணக்கு ஓடிடும். ஆரம்பிக்க பைத்தான், லீனியர் அல்ஜீப்ரா போதும். பயாலஜியா? மூளையோட ரெண்டு பாதியையும் இணைக்கற நரம்புக்கட்டு கார்பஸ் கலோசம் எங்க இருக்குன்னு முதல்ல பார்த்துக்கங்க, மத்தது வேலையோட வேலையா வந்துடும்.