அழாத அப்பா

அன்புள்ள ஐயா,

என் மகன் ரத்தப் புற்றுநோயில் இறந்து மூன்று வருடம் ஆகிறது. அப்போது அவனுக்கு ஒன்பது வயது. இப்போது வாரம் ஒருநாள் அதே வார்டுக்குப் போய் மற்ற அம்மாக்களோடு உட்கார்ந்து பேசுகிறேன். பழைய கோபம், அவசரம் எல்லாம் போய்விட்டது. எல்லோரும் பாராட்டுகிறார்கள். எனக்கோ, அவன் சாவில் லாபம் பார்த்துவிட்டேனோ என்று கூசுகிறது. என் கணவர் ஒருநாள்கூட அழவில்லை. அவர் மாறவே இல்லை. பூர்வஜென்ம பாவம் என்கிறார்களே, உண்மையா?

எம்.

அன்புள்ள எம்.,

பாவக்கதை சொல்ல வருபவர்களுக்குக் கதவைத் திறக்காதீர்கள். அதில் பேச ஒன்றுமில்லை.

கூச்சமும் வேண்டாம். பெருந்துயருக்குப் பின் மனிதர்கள் மாறுவதை டெடெஸ்கி, கல்ஹவுன் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 1990களில் ஆராய்ந்தார்கள். இழப்பு யாரையும் வளர்ப்பதில்லை, அதோடு மல்லுக்கட்டுவதுதான் வளர்க்கிறது, வளர்ந்த பிறகும் வலி கூடவே இருக்கும் என்றார்கள். உங்கள் பொறுமை நீங்கள் பாடுபட்டுச் சேர்த்தது.

ஆனால் "அவர் மாறவே இல்லை" என்று எழுதிவிட்டீர்களே!

என் பெரியப்பா மகளுக்கும் இதே நோய். வார்டுக்குள் ஒருவரைத்தான் விடுவார்கள். பெரியம்மா உள்ளே இருந்தார். பெரியப்பா பில் கவுன்டரிலும் மருந்துக்கடையிலும் ரத்த வங்கியிலும் நின்றார். ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் அணுக்களை ஐந்து நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது, ஒவ்வொரு முறையும் புதிதாக ஆள் பிடிக்க வேண்டும். அக்கா போனபோது அவர் அழவில்லை. கல்நெஞ்சு என்றது குடும்பம். அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுத்துக்கொண்டே இருந்தார், வயதாகிவிட்டது என்று திருப்பி அனுப்பும்வரை. அதுதான் அவர் அழுகை என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

உங்களுக்கு மகனின் கடைசி நாட்கள் கிடைத்தன. அவன் பேச்சு, அவன் கைச்சூடு. அவருக்குக் கிடைத்தவை ரசீதுகள். ஊரார் வீட்டு அம்மாக்களிடம் மணிக்கணக்கில் காது கொடுக்கிறீர்கள், சொந்த வீட்டில் இருப்பவரிடம் ஒரு கேள்வி கேட்டீர்களா? அவர் சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா என்று கடிதத்தில் ஒரு வரி இல்லை. அழவில்லை என்ற குற்றச்சாட்டு மட்டும் இருக்கிறது. எனக்குக் கோபம்தான் வருகிறது அம்மா.

ஏன் அழவில்லை என்று அவரிடம் கேட்காதீர்கள். அன்றைக்கு ரத்தம் கொடுக்க யார் யார் வந்தார்கள், பணத்துக்கு எங்கெல்லாம் அலைந்தீர்கள் என்று கேளுங்கள். அவர் சொல்ல ஆரம்பித்தால் குறுக்கே பேசாதீர்கள்.