பழைய ஷிஃப்டர், புதிய டெரெய்லர்: சேருமா, சேராதா?

ரோடு சைக்கிளின் கியர் பாகங்களைப் பற்றி மதுரைப் பக்கத்து வாசகர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில். கேள்வி எல்லாம் ஷிமானோ என்ற ஜப்பானிய நிறுவனத்தின் பாகங்களைப் பற்றியே வந்திருப்பதால், பதிலும் அதோடு நிற்கிறது. புதியவர்களுக்கு: ஷிஃப்டர் என்பது கியர் மாற்றும் லீவர்; கேசட் என்பது பின் வீலில் இருக்கும் பல் சக்கரத் தொகுதி; டெரெய்லர் செயினை ஒரு சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் பாகம்; ஸ்பீடு என்பது பின்னால் இருக்கும் சக்கரங்களின் எண்ணிக்கை.

உசிலம்பட்டி வாசகர்: செகண்ட்ஹேண்டில் ஒரு ரோடு சைக்கிள் வாங்கினேன். டெரெய்லரில் '105' என்று லேசாகத் தெரிகிறது. எந்தக் காலத்துச் சாமான், எத்தனை ஸ்பீடு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

105 என்பது ஷிமானோவின் ஒரு பாக வரிசையின் பெயர்; டியாக்ரா, சோரா, டியூரா ஏஸ் எல்லாம் அப்படிப்பட்ட வேறு வரிசைகள். அதே பெயரில் 9 ஸ்பீடும் உண்டு, 10, 11, 12 ஸ்பீடும் உண்டு. பின் டெரெய்லரின் உள்பக்கத்தைத் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். 'ஆர்டி' என்று தொடங்கி ஓர் எண் பொறித்திருக்கும். 5500 என்றால் 9 ஸ்பீடு. 5600, 5700 இரண்டும் 10. 5800, ஆர்7000 இரண்டும் 11. ஷிஃப்டரில் இதே எண் 'எஸ்டி' என்ற எழுத்துகளோடு இருக்கும், கேசட்டுக்கு 'சிஎஸ்'.

பக்கத்திலேயே தனியாக இரண்டு ஆங்கில எழுத்து தெரிந்தால் அது தயாரித்த தேதி. முதல் எழுத்து ஆண்டு, இரண்டாவது மாதம். 'ஏ' 1976இல் தொடங்கி 'இசட்' 2001இல் முடிந்தது; 2002இல் மறுபடியும் 'ஏ'. 'கேசி' என்று இருந்தால் 1986 மார்ச் அல்லது 2012 மார்ச். கூடவே 5700 என்ற எண்ணும் இருந்தால் சந்தேகமே வேண்டாம், 2012தான்.

எண் முழுக்கத் தேய்ந்து போயிருந்தால் கேபிளைத் தளர்த்திவிட்டு, ஷிஃப்டரை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை தட்டி, கிளிக்கை எண்ணுங்கள். ஒன்பது கிளிக் என்றால் 10 ஸ்பீடு.

பழங்காநத்தம் வாசகர்: என்னுடையது டியாக்ரா 4600, 10 ஸ்பீடு. பின் டெரெய்லர் உடைந்ததும் புது டியாக்ரா 4700 வாங்கிப் போட்டோம். அதுவும் 10 ஸ்பீடுதான். எவ்வளவு டியூன் செய்தாலும் கியர் சரியாக விழவே மாட்டேன் என்கிறது. மெக்கானிக் மேல் தப்பா?

மெக்கானிக் மேல் தப்பில்லை. அதிகம் பேர் காசு இழக்கும் இடம் இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டெரெய்லருக்குத் தன் பின்னால் எத்தனை பல் சக்கரம் இருக்கிறது என்பது தெரியாது. கேபிளை எவ்வளவு இழுத்தால் எவ்வளவு நகர வேண்டும் என்பது மட்டும்தான் அதில் இருக்கிறது. ஷிமானோவின் பழைய ரோடு டெரெய்லர்கள், 10 ஸ்பீடு வரை, கேபிள் ஒரு மில்லிமீட்டர் இழுபட்டால் ஏறக்குறைய 1.7 மி.மீ. நகரும். (1980களின் டியூரா ஏஸ் 7400 மட்டும் விதிவிலக்கு.) 11 ஸ்பீடு வந்தபோது அதை 1.4 ஆக்கினார்கள். டியாக்ரா 4700 பெயருக்கு 10 ஸ்பீடாக இருந்தாலும், இழுவையில் 11 ஸ்பீடு கூட்டத்தைச் சேர்ந்தது.

உங்கள் 4600 ஷிஃப்டர் ஒரு கிளிக்குக்குச் சுமார் 2.3 மி.மீ. கேபிள் இழுக்கிறது. பழைய டெரெய்லர் என்றால் 3.9 மி.மீ. நகரும், 10 ஸ்பீடு கேசட்டில் சக்கரத்துக்குச் சக்கரம் இடைவெளியும் 3.95தான். இப்போது மாட்டியிருப்பதோ 3.2 மி.மீ.தான் நகர்கிறது. கிளிக்குக்கு 0.7 குறைச்சல், ஐந்தாவது கிளிக்கில் கிட்டத்தட்ட ஒரு சக்கரமே பின்தங்கிவிடும். திருகை எந்தப் பக்கம் திருப்பினாலும் இது சரியாகாது.

4700ஐக் கடையில் திருப்பிக் கொடுக்க முடிந்தால் கொடுத்துவிடுங்கள். 4600, 5600, 5700, அல்டெக்ரா வரிசையின் 6600 இதில் எது கிடைத்தாலும் பொருந்தும். சோரா 3500 டெரெய்லர் 9 ஸ்பீடுக்கு என்று விற்றாலும் உங்கள் ஷிஃப்டரோடு ஒழுங்காக ஓடும்.

நத்தம் வாசகர்: சிறுமலை ஏற்றத்துக்குப் பின்னால் 34 பல் கொண்ட சக்கரம் வேண்டும். 105 5600 ஷிஃப்டர் வைத்திருக்கிறேன். முடியுமா?

முடியும். ஷிமானோவின் 9 ஸ்பீடு மவுண்டன் பைக் டெரெய்லர் ஒன்று தேடுங்கள். அதற்கும் அதே 1.7 இழுவை, 34 பல்லைத் தாங்கும். 10 ஸ்பீடு மவுண்டன் கேசட்டும் இடைவெளியில் ரோடு கேசட் மாதிரிதான், உங்கள் வீலில் ஏறும். 10 ஸ்பீடு மவுண்டன் டெரெய்லரை மட்டும் வாங்கிவிடாதீர்கள், அதன் இழுவையே வேறு. செயினைப் புதிதாக, நீளம் அளந்து போடுங்கள். பழைய செயின் பெரிய பல்லில் ஏறும்போது பற்றாமல் போனால் டெரெய்லரையே பிய்த்துவிடும்.

திருமங்கலம் வாசகர்: 11 ஸ்பீடு வீல் வாங்கி 9 ஸ்பீடு கேசட் போட்டேன். இறுக்கியும் ஆடுகிறது.

1.85 மி.மீ. வாஷர் ஒன்றைக் கேசட்டுக்கு முன்பே ஹப்பில் (வீலின் நடுப்பகுதியில்) போடுங்கள். 11 ஸ்பீடு ஹப் அந்த அளவு நீளம் கூடியது.

தெற்கு மாசி வீதி வாசகர்: அண்ணே, பழைய 105 ஷிஃப்டர். உள் லீவரைத் தட்டினால் பிடிப்பே இல்லாமல் சும்மா ஆடுகிறது. கடையில் மாற்றச் சொல்கிறார்கள்.

மாற்றாதீங்க தம்பி, முதலில் கழுவிப் பாருங்கள். பல வருஷம் ஓட்டாமல் கிடந்த ஷிஃப்டரில் கிரீஸ் காய்ந்து பிசினாகிவிடும். உள்ளே இருக்கும் சின்னக் கொக்கிகள் அதில் ஒட்டிக்கொண்டு பல்லைப் பிடிக்காது. உடைந்தது என்று தூக்கிப் போடுகிறவற்றில் நிறைய இப்படிப்பட்டவைதான், பார்க்கவே மனசு கஷ்டப்படுகிறது.

ரப்பர் உறையை மடித்து, இன்னர் கேபிளைக் கழற்றிவிடுங்கள். கேபிள் தலை பக்கம் அறுந்து துண்டு ஏதும் உள்ளே சிக்கியிருக்கிறதா பாருங்கள். அப்புறம் துரு நீக்கும் ஸ்பிரேயை உள்ளே நன்றாக அடித்து, இரண்டு லீவரையும் மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டே இருங்கள். வெயிலில் கொஞ்ச நேரம் வைத்தால் கிரீஸ் இளகும், அதற்கு மதுரையில் பஞ்சமில்லை. அழுக்கு வழிந்து தீர்ந்து கிளிக் திரும்பியதும் மெல்லிய எண்ணெய் சில சொட்டு விடுங்கள். ஸ்பிரே பிரேக் கட்டையிலும் ரிம்மிலும் படக் கூடாது. ஷிஃப்டரைத் திறந்து பிரிக்கவும் வேண்டாம்.

வத்தலக்குண்டு வாசகர்: 5800 ஷிஃப்டர் மலிவாகக் கிடைத்தது. கியர் பாகங்கள் எல்லாம் 5800, பிரேக் மட்டும் பழைய 5500. அப்படியே இருக்கலாமா? வாராவாரம் கொடைக்கானல் ரோட்டில் ஏறி இறங்குகிறேன்.

இருக்கக் கூடாது. இந்த ஷிஃப்டரிலேயே பிரேக் லீவரும் இருக்கிறது. 105இல் 5700 முதல் பிரேக் லீவர்கள் கூடுதல் கேபிள் இழுக்கின்றன, அந்த அளவுக்கு நெம்பு பலம் குறைவு. அந்தக் குறையைப் புதுப் பிரேக் தன் பக்கத்தில் ஈடுகட்டும், 5500 ஈடுகட்டாது. லீவர் கையில் கெட்டியாக, நல்ல பிரேக் போலவே தெரியும். ஆனால் கொண்டை ஊசி வளைவில் எவ்வளவு அழுத்தினாலும் வண்டி தேவையான இடத்தில் நிற்காது. 5800 பிரேக் ஒரு ஜோடி வாங்கி மாட்டுங்கள். அதுவரை மலைப் பக்கம் போக வேண்டாம், வைகை அணைப் பக்கம் சமதளத்தில் ஓட்டுங்கள்.

மேலூர் வாசகர்: சித்தப்பாவின் பழைய ஸ்டீல் ரேஸ் சைக்கிள். ஃப்ரேம் குழாயிலேயே கியர் லீவர். பின்னால் 7 ஸ்பீடு, புது டெரெய்லர்தான் கிடைக்கிறது. சேருமா?

அந்த லீவரின் நடுவில் திருப்பும் வளையம் இருக்கிறதா பாருங்கள். 'எஃப்' பக்கம் திருப்பினால் கிளிக் போய், வழுக்கி நகரும். அப்போது எந்த டெரெய்லரும் ஓடும், காதால் கேட்டு நிறுத்திக்கொள்ளலாம். செயின் 8 ஸ்பீடுக்கானதையே போடலாம்.