கால்நடை கேள்வி–பதில்: முதிர்ந்த காளைக்குக் காயடித்துக் கறிக்கு வளர்க்கலாமா?

கேள்வி: அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஹூஸ்டன் நகருக்கு வெளியே சிறிது நிலம் வாங்கியிருக்கிறோம். விவசாய நிலத்துக்குரிய சொத்துவரிச் சலுகை தொடர வேண்டும் என்பதால், முன்பிருந்தவரின் மாடுகளையும் சேர்த்தே வாங்கினோம். அவற்றில் நான்கு வயதுப் பொலிகாளை ஒன்றும், பதினான்கு மாதக் காளைக்கன்று ஒன்றும் உள்ளன. இரண்டுக்கும் காயடித்து ஆறு மாதம் நல்ல தீனி போட்டால் கறி மிருதுவாகும், விலையும் கூடும் என்று பக்கத்துப் பண்ணைக்காரர் சொல்கிறார். அப்படிச் செய்யலாமா, ஐயா?
— ஒரு வாசகர், டெக்சாஸ்

பதில்: கன்றுக்குச் செய்யலாம். நான்கு வயதுக் காளைக்கு வேண்டாம்.

பெரிய காளையின் கறி கடினமாக இருப்பதற்கு முதற்காரணம் அதன் வயது. தசை இழைகளைக் கட்டி வைத்திருக்கும் சவ்வில் கொலாஜன் என்ற புரதம் இருக்கிறது. இளங்கன்றின் கறியை வேகவைத்தால் அது கரைந்து குழைந்துவிடும். வயது ஏற ஏற அந்தப் புரத இழைகளுக்கு இடையே குறுக்குப் பிணைப்புகள் இறுகி, நெடுநேரம் கொதித்தாலும் எளிதில் கரையாத நிலையை அடைகின்றன. காயடித்த ஓரிரு நாட்களில் இரத்தத்தில் ஆண் இயக்குநீரின் (ஹார்மோனின்) அளவு சரிந்துவிடும் என்பது உண்மைதான்; ஆனால் நான்கு ஆண்டுகளாக இறுகிப்போன பிணைப்புகள் அதனால் அவிழ்வதில்லை. ஆறு மாதத் தீனியில் கறிக்குள் கொழுப்பு இழைகள் ஓரளவு படியலாமே தவிர, கறியின் கடினம் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

செலவுக் கணக்கும் இதற்கு எதிராகவே நிற்கிறது. காயடிக்காத காளை, அதே தீனியில், காயடித்ததைவிட வேகமாக எடை போடும். அந்த இயல்பை நாமே வெட்டி எறிந்துவிட்டு, வலியாலும் வீக்கத்தாலும் மாடு சில வாரங்கள் எடை குறைவதையும் தாங்கிக்கொண்டு, அதன் பிறகு மக்காச்சோளத்தைக் கொட்டிக் கொழுப்பு ஏற்றுவது எந்த வகையிலும் இலாபமாகாது. மேலும், முதிர்ந்த பிறகு காயடிக்கப்பட்டதைப் பருத்த கழுத்தையும் தடித்த தலையையும் பார்த்தே சந்தையில் கண்டுகொள்வார்கள். அமெரிக்க வியாபாரிகள் அதை ‘ஸ்டேக்’ (stag) என்று தனியாக வகைப்படுத்தி, விலையைக் குறைத்தே கேட்பார்கள். அதேசமயம் காயடிக்காத முதிர்ந்த காளைக்கு அங்கே நல்ல கிராக்கி உண்டு. கொழுப்பில்லாத அதன் கறியைத் தீனி போட்டுக் கொழுக்க வைத்த மாடுகளின் கொழுப்புத் துண்டுகளோடு சேர்த்து அரைத்து ஹாம்பர்கருக்குப் பயன்படுத்துகிறார்கள். கழித்து விற்கும் பசுக்களைவிட இத்தகைய காளைகள் பவுண்டு ஒன்றுக்குப் பெரும்பாலும் கூடுதல் விலை பெறுகின்றன. எனவே உங்கள் பொலிகாளையை உள்ளபடியே ஏலச் சந்தைக்கு அனுப்புங்கள். வீட்டுத் தேவைக்கென்றால் பெரும்பகுதியைக் கொத்துக்கறியாக அரைத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

பதினான்கு மாதக் கன்றின் நிலை வேறு. ஜெர்மனி, இத்தாலி போன்ற நாடுகளில் காளைக்கன்றுகளைக் காயடிக்காமலே வளர்த்து, இரண்டு வயதுக்குள் கறிக்கு அனுப்புகிறார்கள். கறியும் நன்றாகவே இருக்கிறது. ஆனால் அங்கே அவற்றைப் பசுக்களோடு சேர்த்து மேய விடுவதில்லை. உங்கள் நிலத்திலோ அது தன் தாயோடும் தமக்கையோடும் ஒரே வேலிக்குள் மேய்கிறது, இந்த வயதிலேயே அவற்றைச் சினையாக்கவும் வல்லது. மாடு பழகாத குடும்பம் ஒன்றின் பிள்ளைகள் நடமாடும் இடம் அது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆகவே இப்போதே காயடித்துவிடுவது நல்லது. முதல் இரண்டு மாதத்துக்குள் செய்திருந்தால் வலியும் இழப்பும் மிகக் குறைவாக இருந்திருக்கும். இனிப் பிறக்கும் கன்றுகளுக்காவது அந்தக் காலத்தைத் தவற விடாதீர்கள்.

கேள்வி: அப்படியானால் எந்த முறையில் செய்வது? ரப்பர் வளையம் போட்டுவிட்டால் மருத்துவரே தேவையில்லை என்கிறார்களே?
— அதே வாசகர்

பதில்: பதினான்கு மாதக் கன்றுக்கு ரப்பர் வளையத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். விதைப்பையின் கழுத்தை இறுக்கும் அந்த வளையத்தால் இரத்த ஓட்டம் நின்ற விதைப்பை வாரக்கணக்கில் அழுகித் தொங்கிக்கொண்டிருக்கும். காற்றுப் புகாத அந்தச் செத்த சதை டெட்டனஸ் கிருமிக்கு மிக உகந்த இடம். பிரிட்டனில் பிறந்த முதல் வாரத்துக்குப் பிறகு இந்த வளையத்தைப் போடுவதே சட்டப்படி குற்றம். அங்கே இரண்டு மாதம் கடந்த கன்றுக்கு எந்த முறையானாலும் மரத்துப்போகும் ஊசி கட்டாயம், செய்பவரும் கால்நடை மருத்துவராக இருக்க வேண்டும். டெக்சாஸில் அவ்வளவு கண்டிப்பு இல்லை என்பதற்காக மாட்டின் வலி குறைந்துவிடாது.

நம் ஊர்க் கால்நடை மருத்துவமனைகளில் பார்த்திருப்பீர்களே, நீண்ட கைப்பிடி கொண்ட பர்டிசோ இடுக்கி, அதை இத்தாலியர்கள் உருவாக்கினார்கள். மருத்துவர் விதைப்பையின் கழுத்தில், விதைக்கு இரத்தம் கொண்டுபோகும் விந்துநாணை விரல்களால் தடவிப் பிடித்து, ஓரமாக ஒதுக்கி, தோலோடு சேர்த்து இடுக்கியால் நசுக்குவார். மறுபக்கத்தை அதே மட்டத்தில் நசுக்காமல் சற்று மேலோ கீழோ தள்ளி நசுக்குவார். இரண்டு தழும்புகளும் ஒன்றாக இணைந்துவிட்டால் விதைப்பைக்கு இரத்தம் போகாமல் தோலே செத்துவிடும். புண் இல்லை, ஈ மொய்ப்பதில்லை என்பவை இதன் பெரிய நன்மைகள். ஆனால் நாண் தடித்த பெரிய காளையில் இது சில சமயம் தவறிவிடும் என்பதால், விதைகள் சுருங்கியிருக்கின்றனவா என்று ஒன்றரை மாதம் கழித்துத் தடவிப் பார்ப்பது அவசியம்.

அறுவை முறையில் சந்தேகத்துக்கு இடமில்லை, இரண்டு விதைகளும் வெளியே வந்துவிடுகின்றன. ஆனால் இரத்தக் கசிவு, சீழ், புழு ஆகிய மூன்றும் கவலை தருபவை. டெக்சாஸில் இருப்பவர் புழுவை அலட்சியப்படுத்தவே கூடாது. உயிருள்ள சதையைத் தின்னும் திருகுப்புழு ஈயை, கதிர்வீச்சால் மலடாக்கிய ஈக்களைக் கோடிக்கணக்கில் வானிலிருந்து தூவி, பல ஆண்டுப் பாடுபட்டு அமெரிக்கா விரட்டியது. 2024ஆம் ஆண்டு நவம்பரில் அது தெற்கு மெக்சிகோவில் மீண்டும் தென்பட்டது. 2025இல் மெக்சிகோ மாடுகளின் வரவையே அமெரிக்கா நிறுத்த வேண்டியதாயிற்று. ஆகவே கத்தி வைப்பதானால் ஈ குறைந்த குளிர்காலத்தில் வையுங்கள். புண் ஆறும்வரை நாள்தோறும் பாருங்கள்.

எந்த முறையானாலும் டெட்டனஸ் தடுப்பூசியை முன்கூட்டியே இரண்டு தவணையாகப் போட்டு முடித்திருக்க வேண்டும். மரத்துப்போகும் ஊசியோடு, அடுத்த சில நாட்களுக்கான வலி நிவாரணியையும் மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். காயடித்த பிறகும் விந்துக்குழாய்களில் விந்து தங்கியிருக்கும். குறைந்தது ஒரு மாதமாவது பசுக்களிடமிருந்து பிரித்து வைப்பது நல்லது.

கேள்வி: எங்கள் பாட்டனார் காலத்தில் காங்கேயம் காளைகளுக்கு இரண்டு, மூன்று வயதான பிறகுதான் காயடிப்பார்கள். தாமதமாகக் காயடிப்பது தவறு என்று நீங்கள் எழுதுவது அதற்கு முரணாக இல்லையா?
— ஒரு வாசகர், ஈரோடு மாவட்டம்

பதில்: உங்கள் பாட்டனார் செய்தது அவருடைய தேவைக்குச் சரியானதே. ஏருக்கும் வண்டிக்கும் பூட்டும் எருதுக்குத் திரண்ட கழுத்தும் திமிலும் அகன்ற நெஞ்சும் வேண்டும். அவை ஆண் இயக்குநீரால் உருவாகின்றவை. உடல் கட்டமையும்வரை பொறுத்திருந்து காயடித்தால் பலமும் கிடைக்கும், அடக்கமும் கிடைக்கும். காங்கேயம் பொலிகாளையின் திமிலிலும் தோளிலும் தொடையிலும் படர்ந்திருக்கும் கருமை, காயடித்த எருதில் காணப்படாமல் உடல் சாம்பல் நிறமாகவே இருப்பதும் இந்த இயக்குநீரின் வேலைதான். கறிக்கு வளர்ப்பவருக்கு அந்தக் கழுத்துத் திரட்சியால் பயனில்லை. தவிர, தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி அதிகம் எழ வாய்ப்பும் இல்லை: 1958ஆம் ஆண்டின் விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி, பத்து வயது கடந்து வேலைக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாது என்றோ, நிரந்தரமாக முடமானது என்றோ சான்று பெற்ற மாட்டைத்தான் அறுக்க முடியும்.

ஆனால் அந்தக் காலத்தில் மாட்டைக் கட்டி வீழ்த்தி, மரக்கட்டைகளுக்கு இடையே விதையை வைத்து நசுக்கிய முறையை மட்டும் எவரும் மீண்டும் கையில் எடுக்க வேண்டாம். அது கொடுமையான வலி. மரத்துப்போகும் ஊசி கிடைக்கும் இக்காலத்தில் அதற்கு நியாயமே இல்லை.

கேள்வி: காயடிக்காத வெள்ளாட்டுக் கிடாவின் கறியில் வாடை வருவதுபோல் காளைக் கறியிலும் வருமா?
— ஒரு வாசகி, கோலாலம்பூர்

பதில்: வராது. கிடாவிலும் ஆண்பன்றியிலும் இருப்பதைப் போன்ற வாடை மாட்டில் கிடையாது. காளைக் கறியில் நேரும் குறை வேறு. முன்பின் அறியாத காளைகளை ஒரே வண்டியில் ஏற்றினால் இரவெல்லாம் முட்டி மோதி, தசையில் சேமித்திருக்கும் சர்க்கரைச் சத்தைத் தீர்த்துவிடும். அறுத்த பிறகு கறியில் போதிய அமிலம் உண்டாகாமல், அது கறுத்துப் பிசுபிசுப்பாகி விரைவில் கெட்டுப்போகும். அறுப்புக்குப் போகும் காளையைப் பழகிய கூட்டாளியோடோ தனியாகவோ ஏற்றி, போய்ச் சேர்ந்ததும் காத்திருக்க வைக்காமல் முடித்துவிட்டால் இந்தக் குறை பெரும்பாலும் நேராது.