ஏழு கிலோவில் மலையேற்றம்: கேள்வியும் பதிலும்

கொழும்பில் எங்களோடு வார இறுதியில் நடக்க வருபவர்களில் சிலர் ஒக்டோபரில் நேபாளம் போகிறார்கள். கூடாரம், அடுப்பு, சப்பாத்து என்று எதை விமானத்தில் ஏற்றலாம், எதை வீட்டில் விடலாம் என்று கேட்டவர்களுக்கான பதில்கள் இவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாக்கிவிட்டேன்.

அண்ணா, கைப்பொதி ஏழு கிலோதான் என்கிறார்கள். அதற்குள் அன்னபூர்ணா அடிவார முகாம் போய்வர முடியுமா? (வெள்ளவத்தை)

முடியும் தங்கச்சி, கூடாரத்தை மறந்தால். அந்தப் பாதையில் சில மணி நேர நடைக்கு ஒரு தங்குமிடம் வரும். கட்டில், போர்வை, சுடுசோறு எல்லாம் உண்டு. முகாம் 4,130 மீட்டரில் இருப்பதால் இரவுக் குளிருக்கு உறங்குபை வேண்டும். அதையும் தடித்த ஜாக்கெட்டையும் காத்மண்டுவின் தமேல் பகுதியிலோ பொக்காராவிலோ வாடகைக்கு எடுக்கலாம்.

நடக்க ஓர் உடுப்பு, படுக்க ஓர் உடுப்பு, காலுறை மூன்று சோடி, மழைக்கோட்டு, தொப்பி, கையுறை, தலைவிளக்கு, மருந்து. இவ்வளவுதான். இதற்குப் பிறகும் பை கனத்தால், ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று செருகியவற்றைத் தேடுங்கள்: மூன்றாவது களிசான், முழுச் சவர்க்காரக் கட்டி, குளியல் துவாய், நாவல். சமையலறைத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்து, கிராமைத் தாளில் எழுதிப் பாருங்கள். எதை விடுவது என்று தாளே சொல்லும்.

சிறிய காஸ் கலனைப் பெரிய பொதிக்குள் ஆழமாக வைத்துவிட்டால்? (கொட்டாஞ்சேனை)

வேண்டாம் தம்பி. முகாம் அடுப்புக் கலன் கைப்பொதியிலும் கூடாது, அனுப்பும் பொதியிலும் கூடாது. பாதி தீர்ந்ததும் அப்படியே. கட்டுநாயக்க விமான நிலையத்தில் ஊடுகதிர்ப் படத்தில் தெரிந்தால் பையைத் திறக்கச் சொல்வார்கள். திருகிப் பூட்டும் அடுப்புத் தலையை மட்டும் கழுவிக் காயவைத்து, அனுப்பும் பொதியில் வையுங்கள். கலனைத் தமேலில் வாங்கலாம். பெற்றோல் ஊற்றி எரிக்கும் அடுப்பு என்றால் விமான நிறுவனத்தின் அனுமதியை முன்பே கேளுங்கள். மணம் மிச்சமிருந்தாலே மறுப்பார்கள். என்னைக் கேட்டால், தங்குமிடப் பாதைக்கு அடுப்பே தேவையில்லை.

பவர் பேங்க்? (பம்பலப்பிட்டி)

கைப்பொதியில் மட்டும். 100 வாட்-மணி வரை அனுமதி கேட்க வேண்டியதில்லை. 20,000 மில்லிஅம்பியர்-மணி என்று போட்டிருந்தால் 3.7 வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுங்கள்: 74. 30,000 என்றால் 111 வரும். அதற்கு விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். மேலே எழுத்து அழிந்துபோனதைக் கொண்டுபோய் வாதாட வேண்டாம்.

பல வருடமாக அலமாரியில் இருக்கும் மலையேற்றச் சப்பாத்து புதிதுபோலவே இருக்கிறது. அதையே போடலாமா? (தெஹிவளை)

ஐயா, இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். பல மலைச் சப்பாத்துகளில் வெளி அடிப்பாகத்துக்கும் மேல் தோலுக்கும் நடுவே பொலியூரித்தேன் நுரை இருக்கிறது. காற்றின் ஈரம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைக்கும். பாவிக்காமல் வைத்தாலும் நடக்கும். கொழும்பின் ஈரக்காற்றில், அதுவும் கடற்கரைப் பக்கம், மூடிய அலமாரிக்குள் கேட்கவே வேண்டாம். வெளியே தோல் பளபளக்கும். மலையில் இரண்டாம் நாள் அடிப்பாகம் வாய் பிளக்கும், நுரை மாவாக உதிரும்.

பெருவிரலால் அந்த நடுப்பகுதியை அழுத்துங்கள். வெடிப்புத் தெரிந்தாலோ பொடி கையில் ஒட்டினாலோ விட்டுவிடுங்கள். நன்றாக இருப்பதுபோல் பட்டாலும், போவதற்கு முன் முழுச் சுமையோடு சிவனொளிபாதமலை ஒருமுறை ஏறி இறங்குங்கள். தாக்குப்பிடித்தால் விமானத்தில் காலில் போட்டுக்கொண்டே போங்கள். பைக்குள் வைத்தால் ஒரு கிலோவுக்கு மேல் அதற்கே போய்விடும்.

மகனுக்குச் சீனிச் சம்பலும் மாசிக் கருவாட்டுத் தூளும் கட்டிக் கொடுக்கிறேன். பறித்துவிடுவார்களா? (வத்தளை)

அம்மா, சம்பல் எண்ணெயில் ஊறியது. கைப்பொதியில் 100 மில்லிலீற்றருக்கு மேல் இருந்தால் திரவக் கணக்கில் பிடிப்பார்கள். அனுப்பும் பொதியில் இரட்டைப் பையில் சுற்றிக் கட்டுங்கள். கண்ணாடிப் போத்தல் வேண்டாம்: கனம், உடைந்தால் உடுப்பெல்லாம் எண்ணெய். மாசித்தூள் உலர்ந்தது, பொட்டலமாகக் கொடுத்துவிடுங்கள். அங்கே தினமும் தால் பாத் கிடைக்கும். நம்முடைய சோறும் பருப்பும்தான், போதும் என்னும்வரை திரும்பத் திரும்பப் போடுவார்கள். பிள்ளை பட்டினி கிடக்க மாட்டான்.

சாரம் (லுங்கி) கொண்டுபோகலாமா? பருத்தி கூடாது என்று படித்தேன். (மட்டக்குளி)

நடக்கும்போது உடலோடு ஒட்டியிருக்கும் உடுப்பில்தான் பருத்தி கூடாது. வியர்வையை உறிஞ்சி வைத்திருக்கும், நின்றவுடன் குளிரும். சாரம் வேறு விடயம். உடை மாற்ற மறைப்பு, துவாய், தலையணை உறை எல்லாம் அதுவே. மெல்லியதாக ஒன்று எடுங்கள், துவாயை விட்டுவிடுங்கள்.

நான் கூடாரம் அடிக்கத்தான் போகிறேன். முளைகள், கத்தி, ஊன்றுகோல் எங்கே வைப்பது? (மருதானை)

மூன்றும் அனுப்பும் பொதியில். கூடாரத் துணியைக் கைப்பொதியில் வைக்கலாம், முளை குத்தும் பொருள். முதுகுப் பையின் பட்டிகள் விமான நிலையத்தில் பொதி ஓடும் பட்டையில் சிக்கிக் கிழியும். விலையுயர்ந்த உறை எதற்கு? புறக்கோட்டையில் கிடைக்கும் ஓர் உரப்பைக்குள் முழுப் பையையும் போட்டு வாயைக் கட்டுங்கள். காத்மண்டு விடுதியில் மடித்து வைத்துவிட்டு, திரும்பும்போது எடுக்கலாம்.

எவரெஸ்ட் பாதை தொடங்கும் லுக்லா பக்கம் போகிறவர்களுக்கு? (கல்கிசை)

உள்நாட்டுச் சிறு விமானத்தில் வழக்கமான எல்லை கைப்பொதியும் சேர்த்து 15 கிலோ. சர்வதேசப் பயணத்தில் கிடைத்த 30 கிலோவை நம்பிப் பொதி கட்ட வேண்டாம்.

நாங்கள் நியூசிலாந்தில் அக்காவிடம் போய் அங்கே நடக்கிறோம். இதே விதிகள்தானா? (நுகேகொடை)

விமான விதி ஏறக்குறைய அதேதான். இறங்கிய பிறகு வேறு கதை. பாவித்த சப்பாத்து, கூடாரம், உணவு எல்லாவற்றையும் வருகைப் படிவத்தில் அறிவிக்க வேண்டும். சொல்லாமல் போய்ப் பிடிபட்டால் அங்கேயே 400 நியூசிலாந்து டொலர் அபராதம். சப்பாத்தின் பள்ளங்களில் நம்முடைய நக்கிள்ஸ் மலை மண் ஒட்டியிருக்கும். பழைய பல்துலக்கியால் சுரண்டிக் கழுவி, காயவைத்துப் போங்கள். கூடாரத்தை உதறிப் புல் விதை இருக்கிறதா என்று தையல்களையும் பாருங்கள். அக்காவுக்கு வாங்கிய கருவாட்டை ஒளிக்க வேண்டாம்.

நிறுக்கும் இடத்தில் கனமானவற்றை ஜாக்கெட் பைகளில் திணித்துக்கொண்டால்? (வெள்ளவத்தை, மீண்டும்)

செய்கிறவர்கள் உண்டு, பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. ஆனால் அடுத்து வரும் பாதுகாப்புச் சோதனையில் ஒவ்வொரு பையாகத் துழாவித் தட்டில் கொட்ட வேண்டும், பின்னால் வரிசை முறைத்துக்கொண்டு நிற்கும். பவர் பேங்க், தலைவிளக்கு இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள் தங்கச்சி.