காது கேட்காத குழந்தைக்குப் பரதநாட்டியம் வருமா?

எட்டு வயது மகளுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது, ஆனாலும் ஆடிக்கொண்டே இருக்கிறாள், பரதநாட்டியத்தில் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் சேர்க்கலாம். எந்த வகுப்பில் என்பதில்தான் கவனம் வேண்டும்.

இதைக் கேட்டதும் எல்லாரும் பரதநாட்டியக் கலைஞர் சுதா சந்திரன் கதையைச் சொல்லியிருப்பார்கள். 1981இல் விபத்தில் வலது காலை இழந்து, 1984இல் ஜெய்ப்பூர்க் கால் என்ற செயற்கைக் காலுடன் மேடையேறியவர். அவருடைய மன உறுதியைப் புகழ்கிற நாம் அந்தக் காலைப் பற்றிப் பேசுவதே இல்லை. செருப்பில்லாமல் நடக்கவும் குந்தி உட்காரவும் தோதாக, நம் ஊர் வழக்கத்தை நினைத்துச் செய்த ரப்பர்ப் பாதம் அது. வெறுங்காலால் தட்டி ஆட வேண்டிய கலைக்கு அது சின்ன விஷயமா? "அவரால் முடிந்தது, உன்னால் முடியாதா?" என்று குழந்தையிடம் சொல்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

பதினாறு ஆண்டுகளாக வகுப்பு எடுக்கிறேன். என்னிடம் வந்த காது கேட்காத சிறுமி முதல் மாதம், பாதத்தைத் தட்டி ஆடும் ஆரம்பப் பாடமான தட்டடவிலேயே தடுமாறினாள். ஞாபகசக்தி போதவில்லை என்று நினைத்துக்கொண்டேன். தவறு என்னுடையது. தாளம் போடும் தட்டுக்கழியை மடியருகே தாழ்த்தித் தட்டுவது என் பழக்கம். முன்னால் நிற்பவர்கள் அவளுக்கு மறைத்தார்கள். அவளை முன்வரிசைக்குக் கொண்டுவந்தேன், கையை உயர்த்தித் தட்டினேன். இரண்டாம் காலம், அதாவது இரண்டாம் வேகம் வரை சரியாக வந்தது. மூன்றாம் காலத்தில் மறுபடியும் நழுவியது.

எங்கள் கூடம் சிமெண்டுத் தரை. அதில் தட்டும் தாளத்தின் அதிர்வு காலுக்கு எட்டாது. தச்சரிடம் சொல்லி நீளமான பலகை ஒன்று வாங்கிப் போட்டு, ஒரு முனையில், கழியால் தட்டும் கட்டையான மனையை வைத்துத் தட்டினேன், மறுமுனையில் அவள் நின்றாள். முதல் தட்டிலேயே குனிந்து தன் பாதங்களைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள். மற்றப் பிள்ளைகளும் பலகையில் நிற்க இடம் கேட்டுச் சண்டை போட்டார்கள் என்பது தனிக்கதை.

முகத்தாலும் கையாலும் உணர்த்தும் அபிநயத்தில் நான் சொல்லிக்கொடுத்தது குறைவு. சைகை மொழியிலேயே வளர்ந்த முகமும் கையும் அவளுக்கு.

ஆகவே ஒரு நாள் மகளை அழைத்துப்போய் வகுப்பைப் பாருங்கள். ஆசிரியர் அவளை எங்கே நிறுத்துகிறார், முகம் பார்த்து, தாளச் சொற்களான சொற்கட்டைச் சொல்கிறாரா என்று கவனியுங்கள். கடைசி வரிசை என்றால் வேறு இடம் தேடுங்கள்.

என் மாணவி முதன்முதலாகச் சலங்கை கட்டிய சலங்கை பூஜையன்று, வழக்கம்போல மேடை ஓரத்தில் தாளம் போட்டு ஆட்டத்தை நடத்தும் நட்டுவாங்கத்துக்கு உட்காராமல், அவள் கண்ணுக்கு நேராகக் கீழே முன்வரிசையில் உட்கார்ந்தேன். அந்த நாற்காலிக்கு உரிய விருந்தினருக்குத்தான் கொஞ்சம் வருத்தம்.